நாற்காலி பத்தல

மேடைக்கு எதிரே, கடைசி வரிசைக்குப் பின்னால், என் ஒலிப் பலகை இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. மேடையில் நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும். பார்வையாளர்கள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் நேரம் முடிந்ததைச் சொல்ல அதைப் போடுவேன். இப்போது அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பேசுகிறவர் தாளில் இல்லாததைப் பேசினால் போட வேண்டும். இது எங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, வெளியே யாருக்கும் தெரியாது.

தாள் அலுவலகத்திலிருந்து வருவது. எங்கள் அரங்கில் யார் நகைச்சுவை பேசினாலும் முழுப் பேச்சையும் முன்கூட்டி எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது சில வரிகள் இருக்காது. சில வரிகள் மாறியிருக்கும். ஓரத்தில் பச்சை எழுத்தில் குறிப்புகள் இருக்கும். அந்தப் பச்சை எழுத்துக்காரர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. வந்தபடி பேச வேண்டும். நான் பேனாவோடு வரிக்கு வரி தொடர்ந்து போவேன்.

அரங்கம் சீனாவின் சாங்ஷா நகரில், காரமான ஆற்று இறால் விற்கும் கடையின் மாடியில் இருக்கிறது. சிரிக்க வருகிறவர்கள் மிளகாய் நெடியில் இருமிக்கொண்டேதான் படியேறுவார்கள். உரிமையாளர் குவாங். ஒரு காலத்தில் அவரும் மேடையேறியவர். இப்போது பாக்கு மெல்வதோடு சரி.

ஒரு திங்கட்கிழமை மதியம் குவாங்கின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்றார். அலுவலகம் என்றால் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"சரிங்க. ஆமாங்க. விசாரிக்கிறேங்க."

போனை வைத்த பிறகும் உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை மான்லிங் நுரையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"சொன்னா."

"நீ வெளக்கு போட்டியா?"

"போடுறதுக்குள்ள முடிச்சுட்டா அண்ணே. ஒரே வரிதான்."

"அந்த ஒரே வரி இப்ப அங்க இருக்கு. சொல்லுக்குச் சொல் அப்படியே. இன்னொரு தடவை இப்படி நடந்தா உரிமம் ரத்துன்னுட்டாங்க. கடைய மூடிட்டு நீயும் நானும் கீழ எறா கழுவப் போலாம்."

மான்லிங் எங்கள் அரங்கின் முக்கியப் பேச்சாளர். அவள் பெயருக்குத்தான் டிக்கெட் போகும். அவளுடைய அப்பா தொலைக்காட்சி நிலையத்தில் வசனங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றித்தான் அவளுடைய சிறந்த நகைச்சுவை. ஓய்வு பெற்ற பிறகு அவர் போனில் இருக்கும் குடும்ப வீசாட் அரட்டைக் குழுவைச் சரிபார்க்கத் தொடங்குகிறார். அம்மா, 'சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்க' என்று போடுகிறாள். அப்பா அதை அழிக்கச் சொல்கிறார். எல்லோரும் வருவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும், 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று போடு என்கிறார். அம்மா மாற்றிப் போடுகிறாள். ஒருவரும் வருவதில்லை. 'பாத்தியா, இப்பதான் செய்தி சரியா இருக்கு' என்கிறார் அப்பா.

முதல் முறை அனுப்பியபோது தொலைக்காட்சி நிலையம் போய் சோப்புத் தொழிற்சாலை வந்தது. பச்சை எழுத்து. அப்பா சோப்பின் தரம் பார்ப்பவராகிவிட்டார். மான்லிங் அப்படியே பேசினாள். 'சோப்பு' என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துவாள். அவ்வளவுதான். அரங்கம் முன்பைவிட அதிகமாகச் சிரித்தது. நிறுத்துவதைத் தாளில் எழுத முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு வரி சேர்த்துவிட்டாள்.

"முப்பது வருஷமா அவரு நுரையத்தான் பாத்தாரு. அழுக்கு போச்சான்னு யாரும் அவரக் கேக்கல."

அந்த வரிதான் அலுவலகத்துக்குப் போயிருந்தது.

பதிவு செய்திருக்க முடியாது. வாசலில் எல்லோருடைய போனையும் பையில் போட்டுப் பூட்டிக் கொடுப்பது நான்தான். யாரோ காதிலேயே கொண்டுபோயிருக்கிறார்கள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ்தான்" என்றாள் மான்லிங்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு பெண் வந்து உட்காருவாள். ஐம்பது வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் வெந்நீர்க் குடுவை. ஒரு முறைகூடச் சிரித்ததில்லை. நாங்கள் வைத்த பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"சிரிக்காதவ எதுக்குக் காசு குடுத்து வர்றா? நான் பேசுறப்ப அவ வாயப் பாத்திருக்கியா? பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரியே இருக்கும்."

"பேப்பர் திருத்துற ஆளு இங்க இன்னொருத்தரும் இருக்காரு" என்றார் குவாங். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பேனா வெச்சிருக்கிறது உங்களுக்காக அண்ணே" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

மான்லிங் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கும் சந்தேகம் இருந்தது. குவாங் வாரம் ஒரு முறை அலுவலகம் போகிறார். நல்ல பாக்காக வாங்கிப் போகிறார். உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறார், என்ன பேசுகிறார் என்று எங்களிடம் சொன்னதில்லை. மான்லிங்கை ஒரு பெரிய இணைய நிகழ்ச்சிக்கு அழைக்கப்போவதாகப் பேச்சு. அழைப்பு வந்தால், இந்த அரங்கம் மூடிவிட்டால்தான் எங்களை விட்டுப் போக அவளுக்கு வசதி. இப்படியெல்லாம் யோசித்தேன். யோசிக்கிறேன் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

நானும் மான்லிங்கும் நிகழ்ச்சிக்கு முன் எதிர்க்கடையில் அரிசி நூடுல்ஸ் சாப்பிடுவோம். அவளுக்கு முட்டை பிடிக்காது. தன் கிண்ணத்து முட்டையை என் கிண்ணத்தில் போடுவாள். அந்த வாரம் அவள் முட்டையில்லாமல் வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய முதல் தனி நிகழ்ச்சி. முழு மாலையும் அவள் மட்டும். டிக்கெட்டெல்லாம் விற்றுவிட்டன. வியாழக்கிழமை தாள் திரும்பி வந்தது. சோப்பு போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார். அந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். முடிவும் மாறியிருந்தது. பச்சை எழுத்தில் புது முடிவு எழுதியிருந்தார்கள்.

மான்லிங் அதைச் சத்தமாக வாசித்தாள்.

"'அவங்க மாத்திப் போட்டாங்க. எல்லாரும் வந்தாங்க. நாற்காலி பத்தல.'" தாளைக் கீழே வைத்தாள். "இதுல சிரிப்பு எங்க இருக்கு?"

"கடைசியில" என்றார் குவாங்.

"நாற்காலி பத்தலங்கிறதா?"

"நெறைய பேர் வந்துட்டாங்கள்ல. சந்தோஷமான முடிவு."

"அண்ணே, நீங்களும் மேடையில நின்ன ஆளு."

"நின்னேன். இப்ப உக்காந்திருக்கேன். நீ இத அப்படியே பேசிட்டு எறங்குனா போதும்மா. நாலு பேர் சிரிக்கலன்னாலும் பரவால்ல. சிரிக்க வைக்கத்தான் நம்ம அண்ணன் இருக்காரே."

அவர் சொன்னது சிரிப்பு அண்ணனை. குண்டான மனிதர். எப்போதும் வியர்த்திருப்பார். சில மாதங்களாகத் தவறாமல் வருகிறார். வயிற்றிலிருந்து சிரிப்பார். அவர் தொடங்கினால் அவருக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளும் சிரிக்கும். எந்த அரங்கத்துக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். குவாங் அவரிடம் டிக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டு, முதல் வரிசை நடு நாற்காலியை அவருக்கென்றே வைத்திருந்தார். வந்ததும் ஒரு பாக்கும் கொடுப்பார்.

சனிக்கிழமை குவாங் இடங்களைத் தானே கவனித்தார். ஹெட்மிஸ்ட்ரஸைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார்.

"மேடை தெரியலையே" என்றாள் அவள்.

"காது கேக்கும்லக்கா" என்றார் குவாங்.

அவள் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேடையிலிருந்து பார்த்தால் அவள் தெரியமாட்டாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் காதலர்கள் இருவர் இருந்தார்கள்.

மான்லிங் வந்தாள். நான் பேனாவோடு தொடர்ந்தேன். தொடக்கம் நன்றாகப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வீசாட் குழு வந்தது. 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' வந்தது.

"அவங்க மாத்திப் போட்டாங்க. எல்லாரும் வந்தாங்க."

முதல் வரிசையில் சிரிப்பு அண்ணன் சிரித்தார்.

"நாற்காலி பத்தல" என்றாள் மான்லிங். அவருடைய சிரிப்பில் அது பாதி மூழ்கிவிட்டது. மற்றவர்களும் கொஞ்சம் சிரித்தார்கள்.

என் பேனா அந்த வரியிலேயே நின்றது.

அவர் முந்திச் சிரித்திருந்தார். ஒரு மூச்சு அளவுதான். 'எல்லாரும் வந்தாங்க' என்பதில் சிரிக்க எதுவும் இல்லை. பழைய நகைச்சுவை என்றால் முன்பே கேட்டிருக்கிறார் என்று விட்டிருப்பேன். இது வியாழக்கிழமை வந்த வரி. இதுவரை எந்த மேடையிலும் பேசப்படாதது. குவாங்குக்கும் மான்லிங்குக்கும் எனக்கும் தெரியும். பிறகு, எழுதியவருக்குத் தெரியும்.

நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மான்லிங் தூணைப் பார்த்தாள். மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் கண்ணில் படவில்லை. அவள் தோள்கள் இறங்கின. அது எனக்குத் தெரியும். தாளை விட்டு வெளியே போகும் முன் அவள் தோள் அப்படி இறங்கும்.

"இந்தப் பக்கத்து வீட்டுக்காரரு புதுசா குடிவந்தவரு" என்றாள். "இதுக்கு முன்னாடி அந்த வீட்டுல ஒரு சோப்பு இருந்துச்சு."

அரங்கம் வெடித்தது. முன்பு வந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னாலிருந்துகூட இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. முதல் வரிசை நடுவில் மட்டும் ஒரு முதுகு அசையவில்லை.

அவள் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாள்.

நான் விளக்கைப் போட்டேன்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு விளக்குக்குக் கீழே என்னைப் பார்த்தாள். இருட்டில் நான் அவளுக்குத் தெரிந்திருக்க மாட்டேன். ஆனாலும் பார்த்தாள். வாயை மூடினாள். தண்ணீர் குடித்தாள். தாளில் இருந்த அடுத்த வரியைத் தொடங்கினாள்.

அந்த இடைவெளியில் சிரிப்பு அண்ணன் நாற்காலியில் திரும்பினார். மேடையில் நிற்பவள் எதைப் பார்த்தாள் என்று பார்க்கத் திரும்பினார். விளக்கைப் பார்த்தார். ஒலிப் பலகையின் சிறிய வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தார். தலையை ஒரு முறை அசைத்தார். ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அசைப்பார்களே, அப்படி.

நிகழ்ச்சி முடிந்து போன் பைகளைத் திறந்து கொடுத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசியாக வந்தாள்.

"சோப்பு நல்லா இருந்துச்சு. எதுக்குத் தம்பி எடுத்துட்டீங்க?"

எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்தேன். அவள் போனை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

திங்கட்கிழமை மறுபடி போன். குவாங் எழுந்து நின்றார். பேசப் பேச அவர் முகம் தெளிந்தது. வைத்த பிறகு உட்கார்ந்தார். மான்லிங்கும் அங்கே இருந்தாள்.

"ஒரு வாக்கியம் தப்பாப் போச்சாம். ஆனா உடனே நிறுத்திட்டோமாம். அதனால இந்தத் தடவை விட்டுட்டாங்க." பாக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். "வெளக்கப் பாராட்டுறாங்க. நல்ல ஏற்பாடாம். மத்த அரங்கத்துக்காரங்களையும் வெக்கச் சொல்லப் போறாங்களாம்."

மான்லிங் என்னைப் பார்த்தாள்.

"வெளக்கு இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மான்லிங்..."

"மேடையில நிக்கிறவளுக்கு மட்டும்தான் அது தெரியும். போடுறவனுக்குத் தெரியும். நான் சொல்லல."

"அவர் திரும்பிப் பாத்தாரு" என்றேன். "சிரிப்பு அண்ணன். அவருதான். நாற்காலி வரிக்கு நீ சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சாரு. சோப்புக்குச் சிரிக்கவே இல்ல. தாள்ல படிச்சதுக்குத்தான் அவரு சிரிக்கிறாரு. அந்த வரி அவரு எழுதுனதா இருக்கும்."

குவாங் மெல்வதை நிறுத்தினார். "அந்த ஆளா? அவருக்கு நான் ஓசி டிக்கெட் குடுக்கிறேன்."

"தெரியும்ணே."

"முன்வரிசை குடுக்கிறேன். பாக்கு குடுக்கிறேன்."

"கேட்டீங்களா?" என்றாள் மான்லிங், அவரிடம். "சிரிக்காதவள இத்தனை நாள் சந்தேகப்பட்டோம். இப்ப சிரிக்கிறவன் மேல சந்தேகமாம். அடுத்து கைதட்டுறவன் மேல வரும். எல்லாரும் தப்பு, பேனா வெச்சிருக்கிறவர் மட்டும் சுத்தம்." பையை எடுத்துக்கொண்டாள். "உன்னயே கூப்பிட்டுப் பாராட்டுறாங்க லியாவ். எனக்கு இப்படி ஒரு பாராட்டு வந்ததே இல்ல."

"நான் போடலன்னா இன்னிக்கு உரிமம் போயிருக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன். சரியான நேரத்துக்குப் போட்ட."

வாசலில் நின்றாள்.

"நாற்காலிக்கு முந்திச் சிரிச்சாருங்கிற."

"ஒரு மூச்சு."

"மேடையில எனக்குக் கேக்கல" என்றாள். போய்விட்டாள்.

அந்த வாரம் அவள் எதிர்க்கடைக்கும் வரவில்லை. நான் தனியாகச் சாப்பிட்டேன். என்னை நானே சந்தேகப்பட்டேன். ஒரு மூச்சு என்பது என்ன? அவர் வியர்க்கிற மனிதர், சிரிக்கிற மனிதர், சும்மாவே சிரித்திருக்கலாம். சோப்பைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்கலாம். தலையசைத்தது விளக்கைப் பார்த்துக் கண் கூசியதாலும் இருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் அவளுடைய நிகழ்ச்சி. அதே தாள். ஒரு சொல்லும் கூடாது என்று குவாங் இரண்டு முறை சொன்னார்.

"ஒரு சொல்லும் கூடாது" என்றாள் மான்லிங். "சரிங்கண்ணே."

சிரிப்பு அண்ணன் முன்பே வந்துவிட்டார். குவாங் அவருக்குப் பாக்கு கொடுத்தார். கொடுக்கும்போது கை சற்றுத் தயங்கியது. அவர் கவனிக்கவில்லை. முதல் வரிசை நடுவில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் யாரும் சொல்லாமலே தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

மான்லிங் தாளை விட்டு விலகவே இல்லை. பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல வரிக்கு வரி வந்தாள். என் விரல் விளக்கின் பொத்தானில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"அவங்க மாத்திப் போட்டாங்க" என்றாள். "எல்லாரும் வந்தாங்க."

நிறுத்தினாள்.

வாயை மூடிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. அவர் மட்டும்தான் சிரித்தார். அந்த அரங்கில் அது மிகப் பெரிதாகக் கேட்டது. மற்றவர்கள் எதற்கு என்று தெரியாமல் அவர் தலையைப் பார்த்தார்கள். சிரிப்பு மெல்ல இறங்கி நின்றது.

அவள் அசையவில்லை.

நான் தாளைப் பார்த்தேன். தாளில் இல்லாத எதையும் அவள் சொல்லவில்லை. விளக்குப் போட ஒன்றும் இல்லை.

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவளுக்காகக் கவலைப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். கையை வாயருகே குவித்து, உதவும் குரலில், மெதுவாகச் சொன்னார்.

"நாற்காலி பத்தல."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அரங்கம் முழுவதும். சோப்புக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை. காதலர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தூணுக்குப் பின்னால் குடுவையோடு ஹெட்மிஸ்ட்ரஸ், எல்லோரும். மான்லிங் அவரைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினாள். ஒரு சொல்லும் பேசவில்லை.

அவர் திரும்பி அரங்கத்தைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. மகிழ்ச்சியாக இருந்தார். தன் வரிக்குத்தான் இத்தனை பேரும் சிரிக்கிறார்கள் என்ற மகிழ்ச்சி. எழுந்து நிற்கப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு என்னைப் பார்த்தார். அணைந்திருந்த விளக்கைப் பார்த்தார். மறுபடி அரங்கத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மீதி நேரம் முழுவதும் அவர் சிரிக்கவில்லை.

நிகழ்ச்சிக்குப் பிறகு எதிர்க்கடையில் மான்லிங் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தன் கிண்ணத்து முட்டையை என் கிண்ணத்தில் போட்டாள்.

"வெளக்கு போட்டுருவியோன்னு பயந்தேன்" என்றாள் பிறகு.

"எதுக்குப் போடணும்?"

"அது தெரியாமத்தான் பயந்தேன்."

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. எந்த வார்த்தைக்காக அவர்கள் அழைப்பார்கள்? அவள் சொல்லாத வார்த்தையைச் சொன்னவர் அவர்களுடைய ஆள். வியாழக்கிழமை புதுத் தாள் வந்தது. பச்சை எழுத்து இல்லை. ஓரத்தில் குறிப்பு இல்லை. யாரும் எந்த முடிவும் எழுதித் தரவில்லை. வெட்டு மட்டும், கறுப்பில். நேராக, பக்கம் பக்கமாக.

"ஆள மாத்திட்டாங்க" என்றார் குவாங். "தெரிஞ்ச ஆளத் தொலச்சுட்டீங்க ரெண்டு பேரும். அந்த மனுஷன் முன்னாடி உக்காந்து சத்தமாச் சிரிச்சாரு. இப்ப வர்றவன் எங்க உக்காருவான்னு எனக்கு யாரு சொல்லுவா?"

வெள்ளிக்கிழமை முதல் வரிசை நடு நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று குவாங் நீண்ட நேரம் யோசித்தார். கடைசியில் காலியாக விட்டார்.

மான்லிங் பேசினாள். நான் பேனாவோடு தொடர்ந்தேன். ஆனால் என் கண் தாளில் இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் வரிசை வரிசையாகத் தலைகளைப் பார்த்தேன். மேடையிலிருந்து அவளும் பார்த்தாள்.

யாரும் முந்திச் சிரிக்கவில்லை. எல்லோரும் சரியான நேரத்தில் சிரித்தார்கள்.